முதிரையடிக்கு வந்த வலயங்கள்

முதிரையடிச் சந்தியில் உள்ள கடைகளை எண்ணப் பத்து விரல் தேவையில்லை, ஏழோடு முடிந்துவிடும். கடைகளை விட்டால் ஒரு உபதபாற்கந்தோர், ஒரு பிள்ளையார் கோயில், நாளைக்கு மூன்று தரம் வந்து போகிற ஒரு பஸ். அது எந்தப் பிரதேச சபைக்குள் வருகிற ஊர் என்று கேட்கக்கூடாது. நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரமாய் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஊரை ஐந்து வலயமாகப் பிரிக்கப்போகிறோம், வந்து விளக்கம் கேளுங்கள் என்று சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

கடிதம் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் இளையதம்பியின் பேருக்கு வந்தது. மனுசன் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அயலுக்கெல்லாம் கேட்கிற குரலில் வாசிக்கத் தொடங்கினார். 'வலயம்' என்ற சொல் வந்ததும் குரல் நின்றுவிட்டது. குசினிக்குள் நின்ற பெண்சாதி அன்னபாக்கியம், நெஞ்சடைப்பாக்கும் என்று பதறி, அகப்பையும் கையுமாக ஓடிவந்தாள்.

நெஞ்சடைப்பு இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில்தான். சூடு கண்ட பூனை, அடுப்பு எரிகிறதா ஆறிக் கிடக்கிறதா என்று நின்று பார்க்குமா? அன்னபாக்கியத்துக்குச் சீதனமாய்க் கொடுத்த குடாநாட்டுக் காணி ஒரு நாள் ஆமியின் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் போனதில்லை. பிறகு, கடைசிச் சண்டையில், உடையார்கட்டுப் பக்கம் பாதுகாப்பு வலயம், எல்லாரும் அதற்குள் போங்கள் என்று அறிவித்தார்கள். இளையதம்பி அந்த நாளில் சொல்வழி கேட்கிற மனுசன். பெண்சாதியையும் தம்பியையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அதற்குள் போனார். வெளியே வரும்போது தம்பி இல்லை. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. ஊரில் மற்ற எல்லாவற்றையும் பற்றிக் கதைத்துக் கதைத்தே அந்த ஒன்றை மூடி வைத்திருந்தார்.

இப்போது இருப்பது வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு. அவர் குடியிருந்த வீடுகளில் இது ஆறாவது. ஐந்தை விட்டுவிட்டு ஓடியவர், இந்த வீட்டுக்குக் குடிபூரல் செய்த அன்றைக்கே ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டார், இனி இதிலிருந்து நான் வெளிக்கிடுவதென்றால் நாலு பேர் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் என்று. அந்தச் சத்தியத்துக்குத்தான் இப்போது ஒரு கடிதத்தில் ஆபத்து வந்திருந்தது.

கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. விளக்கம் சொல்ல வந்தவள் சபையின் திட்டமிடல் உத்தியோகத்தர் யதுர்ஷிகா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருசம். சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டிவிட்டு, ஒவ்வொரு நிறமாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். மஞ்சள் குடியிருப்பு வலயம். அங்கே சனம் நிம்மதியாய் நித்திரை கொள்ளவேண்டும், பிள்ளைகள் படிக்கவேண்டும், ஆகையால் வெல்டிங் கடையும் மா அரைக்கிற மில்லும் அதற்குள் வரக்கூடாது. நீலம் வர்த்தக வலயம். கடைகள் ஓரிடத்தில் இருந்தால் வாகனம் விடவும் லேசு, குப்பை அள்ளவும் லேசு. ஊதா கைத்தொழிலுக்கு, அரிசி ஆலையின் உமித்தூசி வீடுகளின் மேல் படியாதபடி காற்று அடிக்கிற பக்கம் பார்த்துக் குறித்தது. இளம்பச்சை வயல், சோறு போடுகிற நிலத்தில் கட்டடம் எழும்பக்கூடாது.

சனம் தலையாட்டிக் கேட்டது. நியாயமான கதைதான், யார் இல்லையென்றார்கள்? படத்தில் தங்கள் தங்கள் வளவைத் தேடப் போனபோதுதான் வில்லங்கம் தொடங்கியது. பிள்ளையார் கோயில் கைத்தொழில் வலயத்துக்குள் நின்றது. பிள்ளையாருக்கு என்ன கைத்தொழில் என்று ஒருவர் கேட்க, வரம் கொடுக்கிறது, அதுவும் இப்போது ஆலை மூடிக் கிடக்கிறது என்றார் பின்வரிசையில் இன்னொருவர். சந்தியில் ஹாட்வெயார் வைத்திருக்கிற மஸாஹிர், புத்தளத்தில் இருபது வருசம் அகதியாய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், தன் கடை நீலத்திலும் கடைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற குசினி மஞ்சளிலும் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

இளையதம்பி எழும்பினார். தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, மஸாஹிர் தேத்தண்ணி குடிக்க நீலத்தில இருந்து மஞ்சளுக்குப் போறதெண்டால் பாஸ் ஆர் குடுக்கிறது? விதானையோ, ஆமியோ?"

யதுர்ஷிகா சிரித்தாள். நல்ல பகிடி என்று நினைத்துவிட்டாள். மண்டபத்தில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. பாஸுக்கு வரிசையில் நின்றே பாதி ஆயுசைக் கழித்த சனம் பதிலுக்காகக் காத்திருந்தது. பிள்ளையின் முகம் மெல்ல மெல்ல மாறியது. பாஸ் இல்லை, வேலி இல்லை, சாவடி இல்லை, இது கடதாசியில் நிறம் மட்டும்தான் என்று ஐந்து விதமாய் அவள் சொல்லவேண்டி வந்தது.

அப்படியானால் அந்தக் கடும்பச்சை என்னவென்று கேட்டார் இளையதம்பி. குளத்துக்குக் கீழே, குளம் நிரம்பி வான் பாயும்போது தண்ணீர் இறங்கிப் பரந்து நிற்கிற தாழ்வு நிலம் அது. கோரை முளைத்துக் கிடக்கும். கோடையில் மாடு மேயும், மாரியில் நெஞ்சளவு தண்ணீர் நிற்கும். படத்தில் அந்தத் தாழ்வும் கடும்பச்சை. அதை ஒட்டியிருக்கிற இளையதம்பியின் வளவில் பின்பக்கத்து அரைவாசியும் கடும்பச்சை.

"அது ஈரநிலப் பாதுகாப்பு வலயம், ஐயா."

அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது. முடிந்ததென்று அவள் சொல்லவில்லை. சனம் எழும்பிப் போய்விட்டது. பொழுதுபடுவதற்குள் தாழ்வைச் சுற்றியிருந்த வீடுகளில் உடுப்புகள் பைகளுக்குள் போயின. ஒரு வீட்டில் கூரைத் தகரத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். போன முறை தகரத்தை விட்டுவிட்டு ஓடி, மழைக்குள் கிடந்து பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இவர்கள் பேயோடு குடித்தனம் நடத்தி வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடுத்த கிழமை யதுர்ஷிகா ஸ்கூட்டியில் இளையதம்பியின் வீடு தேடி வந்தாள். பொல்லாத பிள்ளை இல்லை. முந்திய மாரி முழுக்க அந்தத் தாழ்வின் சேற்றுக்குள் நின்று, மரங்களில் தண்ணீர் ஏறிய அடையாளம் பார்த்துப் பார்த்து அந்தக் கடும்பச்சைக் கோட்டைக் கீறியவள். அன்னபாக்கியம் பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு பிள்ளை பொறுமையாய் விளங்கப்படுத்தினாள். வீட்டை ஒருவரும் தொடமாட்டார்கள், காணி அவருடையதுதான், பின்பக்கத்தில் மண் போட்டு உயர்த்திக் கட்டடம் கட்டக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம். பாதுகாப்பு அந்த நிலத்துக்கு.

"நிலத்தை ஆரிட்ட இருந்து பாதுகாக்கிறியள்?" என்று கேட்டார் இளையதம்பி.

யதுர்ஷிகாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "மனிசரிட்ட இருந்துதான், ஐயா."

"அப்ப எங்களிட்ட இருந்து."

"ஒரு விதத்தில... ஓம்."

"பாத்தியே, அன்னம்," என்று பெண்சாதியின் பக்கம் திரும்பினார் மனுசன். "முந்தி எங்களைப் பாதுகாக்கிறம் எண்டு சொல்லிச் செய்தவை. இப்ப எங்களிட்ட இருந்து எண்டு உண்மையைச் சொல்லுகினம்."

பிள்ளை குடிக்காமல் வைத்துவிட்டுப் போன பிளேன்ரீயை அன்னபாக்கியம் எடுத்துப் போய் முற்றத்தில் ஊற்றினாள். தாழ்வுக்குள் யார் வீடு கட்டப்போகிறார்கள், மாடு மேய்கிற நிலம் மாடு மேயட்டுமே என்பதுதான் அவளுடைய எண்ணம். ஆனால் சீதனக் காணியும் அந்தச் சொல்லோடுதான் போனது. வலயம் வேண்டாம் என்று சபைக்கு எழுதி மனுசன் நீட்டிய மகஜரில் முதல் கையெழுத்து அவருடையது, இரண்டாவது அவளுடையது.

மகஜர் ஊர் முழுக்கச் சுற்றியது. தாழ்வைக் கண்ணாலும் காணாத மேட்டுத்தெருச் சனம்கூடக் கையெழுத்து வைத்தது. பாதுகாப்பு வலயம் வேண்டாம் என்று எழுதிக் கேட்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் யார் விடுவார்கள்? இத்தனை வருசத்தில் யாராவது அவர்களிடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்களா? எழுதத் தெரியாத இரண்டு பேர் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தி வைத்தார்கள். தடை சொன்னது மஸாஹிர் மட்டும்தான்.

"அண்ணை, பேரை விடுங்கோ," என்றார் கடையில் வைத்து. "வான் பாயேக்க தண்ணி எதால போறது? அந்த இடத்தை ஒருத்தரும் அடைக்கக்கூடாது எண்டுதானே அந்தப் பிள்ளை சொல்லுது? நல்ல விசயம்தானே?"

உமக்கு உந்தச் சொல்லின் அருமை தெரியாது என்று இளையதம்பி சொல்லிவிட்டார். முஸ்லிம் சனம் எல்லாம் போகவேண்டும் என்று இயக்கம் சொல்ல, இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளிக்கிட்ட மனுசனைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. மஸாஹிர் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. பேனையை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு ஆணி நிறுக்கப் போய்விட்டார். ஊரோடு முறுகிக்கொண்டு ஏழு கடைச் சந்தியில் கடை நடத்த முடியாதுதானே.

மகஜர் சபைக்குப் போனதும் யதுர்ஷிகா ஒரு வழி சொன்னாள். சனத்துக்குப் பிரச்சினை சொல்தான். 'பாதுகாப்பு' என்பதை எடுத்துவிட்டு 'ஈரநிலப் பேணல் வலயம்' என்று போட்டால் ஒருவரும் பயப்படமாட்டார்கள் என்றாள். புத்தியான பேச்சு. ஆனால் புத்தியான பேச்சுக்கு எந்தக் கந்தோரில் இடம் கிடைத்திருக்கிறது? பேரை மாற்றுவதென்றால் கொழும்பில் அரசாங்க வர்த்தமானி அடிக்கவேண்டும், அதற்கு மூன்று வருசம் பிடிக்கும், நிறத்தை மாற்றுவதென்றால் எங்கள் கூட்டத் தீர்மானமே காணும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதாவது, அந்த நிலத்தின் பேரைத் திருத்த முடியாது. நிலத்தின் விதியைத் திருத்தலாம். ஒரு பின்னேரத்தில் கடும்பச்சை அழிந்து செம்மஞ்சள் ஆனது. பேர், கலப்பு அபிவிருத்தி வலயம். நிறத்தை மாற்றிக் கொடுத்தவள் யதுர்ஷிகாதான். அன்றைக்கு அவள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அபிவிருத்தி என்ற சொல்லில் முதிரையடிக்கு ஒரு பயமும் இல்லை. அந்தப் பேரில் இதுவரை அவர்களுக்கு வந்ததெல்லாம் ஒரு மதகும் ஒரு பெயர்ப்பலகையும்தான். அவற்றால் யாருக்கும் தீங்கில்லை. பிள்ளையார் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். இளையதம்பிக்கு மாலை போட்டார்கள். மனுசனுக்குக் கால் நிலத்தில் முட்டவில்லை.

"வலயம் எங்களை வெளியேத்தினது போய், நாங்கள் ஒரு வலயத்தை வெளியேத்திப்போட்டம்," என்றார் ஒலிபெருக்கியில். சனம் கைதட்டியது. அன்றைக்கு அவர் தன் தம்பியின் பேரையும் ஒரு தரம் சொன்னார், இத்தனை வருசத்தில் முதல் தரமாக. அன்னபாக்கியம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அந்த ஒரு நாளுக்காக மனுசனை மன்னிக்கலாம் என்று நினைக்கவேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் போகவில்லை, சுவிஸிலிருந்து தர்ஷன் வந்து இறங்கினான். இந்த ஊரிலிருந்து சின்ன வயதில் போனவன். நல்ல மரியாதையான பெடியன், ஊரில் நாலு பேருக்கு வேலை கொடுக்கவேண்டும் என்ற ஆசையும் உண்மையானது. தாழ்வின் காணி உறுதி வெளிநாட்டில் இருந்த இரண்டு குடும்பங்களிடம் கிடந்தது. மாடும் காசு கொடுத்து மேயாத நிலத்தை அவன் வாங்கியபோது அவர்கள் சிரித்திருப்பார்கள். சபையில் வரைபடத்தைப் பார்த்தார்கள், செம்மஞ்சள், கலியாண மண்டபம் கட்டலாம். எல்லாம் சட்டப்படி. டிப்பர் வரத் தொடங்கியது. காலையிலிருந்து மாலைவரை கிறவல் மண் கொட்டினார்கள். கோரை போய், சேறு போய், இளையதம்பியின் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு எழும்பியது. மேட்டின் மேல் மண்டபம் எழும்பியது. மண்டபத்தைச் சுற்றி மதில் எழும்பியது. மகளின் பேரை வைத்து 'லக்சிகா மஹால்' என்று பொன்னெழுத்தில் எழுதினான் தர்ஷன்.

"இஞ்சருங்கோ," என்றாள் அன்னபாக்கியம் ஒரு நாள், வேலியடியில் நின்று. "மதில் எங்கட யன்னலை விட உயரம். வான் பாய்ஞ்சால் தண்ணி எங்காலப் போகும்?"

சபை அனுமதி கொடுத்திருக்கிறது, படித்த ஆட்கள் பார்க்காமலா கொடுத்திருப்பார்கள் என்றார் மனுசன். அவருக்கு அப்போது நிற்க நேரமில்லை. சங்கத்துக்கு ஐம்பது பிளாஸ்ரிக் கதிரை அன்பளிப்புச் செய்த தர்ஷன், மண்டபத் திறப்புவிழாவுக்கு நாடா வெட்ட அவரைத்தான் கேட்டிருந்தான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போய் வெட்டினார். அன்று பேசியவர்கள் எல்லாரும், தலைவர் மட்டும் முன்னுக்கு நின்று போராடாவிட்டால் இந்த அபிவிருத்தி இங்கே வந்திருக்காது என்றார்கள். பொய்யில்லை.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் விடியற்காலை குளம் வான் பாய்ந்தது. தண்ணீர் பழைய தாழ்வைத் தேடி வந்து, மதிலில் முட்டி, இந்தப் பக்கம் திரும்பியது. இளையதம்பி பல்விளக்கிக்கொண்டு நின்றார். வேலியடியிலிருந்து தண்ணீர் வருவதைப் பார்த்தார். கோழிக்கூட்டைத் தாண்டியதைப் பார்த்தார். படியில் ஏறியதைப் பார்த்தார். பிறகுதான் வாய்க்குள் இருந்த பற்பசையைத் துப்பினார். உரப்பைகளில் மண் நிரப்பி வாசலில் அடுக்கினார். அடுக்க அடுக்க அதற்கு மேலால் வந்தது. பத்து மணிக்குள் வீட்டுக்குள் முழங்காலளவு. நெல்மூட்டை நனைந்தது, கட்டில் மிதந்தது. மனுசன் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிக்கிடமாட்டேன் என்றார். சத்தியம் பண்ணின வீடு என்றார். உண்மையில் அவருக்குப் பயம். வெள்ளத்துக்கில்லை, மறுபடியும் ஒரு வாசலைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டவேண்டுமே என்ற பயம்.

அன்னபாக்கியம் அதற்குள் உறுதியையும் அடையாள அட்டைகளையும் சொப்பின் பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக் கொண்டாள். அதில் அவளுக்குப் பழக்கம் இருந்தது.

"நீங்கள் சத்தியம் பண்ணினியள், தண்ணி பண்ணயில்லை. வெளிக்கிடுங்கோ," என்றாள்.

வெளியே உழவு இயந்திரம் வந்து நின்றது. பெட்டியில் ஏற்கெனவே தாழ்வைச் சுற்றியிருந்த நாலு குடும்பம். மஸாஹிர் நனைந்துகொண்டு நின்று இளையதம்பிக்குக் கை கொடுத்து ஏற்றினார். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் மனுசனுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

பள்ளிக்கூடத்துக்குள்ளும் தண்ணீர், பொதுநோக்கு மண்டபத்துக்குள்ளும் தண்ணீர், மேட்டுத்தெருவுக்குப் போகிற வழியிலும் தண்ணீர். அந்தப் பக்கத்தில் மேடான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உழவு இயந்திரம் லக்சிகா மஹாலின் வாசலில் போய் நின்றது. பொன்னெழுத்துக்குக் கீழே, வாசலுக்குக் குறுக்காக, அவசரத்தில் அடித்த பதாகை ஒன்று கட்டியிருந்தார்கள்: பாதுகாப்பு நிலையம்.

இளையதம்பி அதை வாசித்தார். மழைக்குள் நின்றபடி, எழுத்துக் கூட்டுகிறவர்போல இன்னொரு தரம் வாசித்தார். அன்னபாக்கியம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே பாயும் குழந்தைகளும் ஈரத் துணியுமாய்ச் சனம். மணவறையில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் இருக்கிற சிவப்புக் கதிரைகளில் இரண்டு வயசாளிகளை இருத்தியிருந்தார்கள். ஒரு மூலையில் மேசை போட்டு யதுர்ஷிகா பதிவு எழுதிக்கொண்டிருந்தாள். சபை ஆட்கள் எல்லாரையும் அன்று நிவாரண வேலைக்குப் போட்டிருந்தார்கள். இளையதம்பியைக் கண்டதும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஒரு படிவத்தை எடுத்தாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவர் ஒப்புவிக்கத் தொடங்கினார்: முழுப்பேர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப அங்கத்தவர் தொகை, நிரந்தர முகவரி. எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும்.

"இடம்பெயர்ந்த காரணம்?" என்று மெல்லிய குரலில் கேட்டாள் யதுர்ஷிகா.

ஊருக்கே கேட்கிற அந்தக் குரல், மேசைக்கு இந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குத்தான் வந்தது.

"அபிவிருத்தி எண்டு எழுதுங்கோ, பிள்ளை."

பேனை நின்றது. யதுர்ஷிகா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது; அவருக்கும்தான்.

அன்னபாக்கியம் மனுசனை ஒதுக்கிவிட்டு மேசைக்குக் கிட்ட வந்தாள்.

"வெள்ளமெண்டே போடுங்கோ, பிள்ளை. அவர் சொல்லுறதுக்கு நிவாரணம் தரமாட்டினம்."

யதுர்ஷிகா வெள்ளம் என்று எழுதினாள்.